வரைபடத்தில் இல்லாத உறுப்பு

பழைய வால்வு அம்பிளிபயர் ஒன்று கைமாறி வீட்டுக்கு வந்ததும் இரண்டு ஆசைகள் எழும். பிளக்கைச் செருகிப் பாடுகிறதா என்று உடனே பார்த்துவிட வேண்டும் என்பது ஒன்று. ஈரத்துணி எடுத்துத் துடைத்து அதன் பழைய மினுக்கத்தைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது மற்றது. லிங்கநகர் போன்ற ஓர் இடத்தில், திருகோணமலைத் துறைமுகத்தின் காற்று வருடம் முழுவதும் வீட்டுக்குள் வந்து போகும் ஓர் இடத்தில், இந்த இரண்டு ஆசைகளும் ஒரே பிழையான எண்ணத்திலிருந்து பிறப்பவை. அழுக்கு என்பது கருவியின் மேல் கிடக்கும் ஒன்று, அழகைக் கெடுப்பது, மின்சாரத்தோடு சம்பந்தப்படாதது என்ற எண்ணம் அது. கடலோரத்தில் அப்படியல்ல. இங்கே அம்பிளிபயரின் மேல் படிந்திருப்பது மின்சுற்றின் ஓர் உறுப்பு. தயாரித்தவர் கீறிய வரைபடத்தில் அது இல்லை. ஆனால் கரண்ட் அதன் வழியாகப் பாய்கிறது. ஆகவே துப்புரவு செய்வதை வீட்டுவேலையாகப் பார்க்காமல் சுற்றைத் திருத்தும் வேலையாகப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம். திருத்துவேலைக்குரிய அச்சமும் ஒழுங்கும் அதற்கும் வேண்டும்.

இந்தப் பெட்டிகள் ஏன் இவ்வளவு அழுக்காக வந்து சேர்கின்றன என்பதற்கு இந்நாட்டின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் றேடியோவையும் அம்பிளிபயரையும் யாரும் எறியவில்லை. திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. கசற் றெக்கோடர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. வால்வுப் பெட்டிகள் பரணுக்கும் கோயில் களஞ்சிய அறைக்கும் கடையின் பின்கட்டுக்கும் போய்ச் சேர்ந்தன. பழுதாகிப் போனவற்றைவிடத் தேவையற்றுப் போனவையே அவற்றில் அதிகம் என்பது என் ஊகம். அதனால்தான் அவற்றுக்கு உயிர் கொடுக்கலாம் என்ற நம்பிக்கை இன்னும் நியாயமானது. ஆனால் பல பத்தாண்டுகள் கடற்காற்றில் அசையாமல் கிடந்த கருவியின் நிலை, தினமும் ஓடி அழுக்கேறிய கருவியின் நிலையைவிட மோசமானது. அதற்கான காரணம் உப்பில் இருக்கிறது.

கடற்காற்று கொண்டுவரும் சோடியம் குளோரைட்டு, சாரீரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டு இன்னும் மோசம். 33 வீதத்துக்கு மேலேயே அது கசியத் தொடங்கிவிடும். திருகோணமலையில் கச்சான் அடிக்கும் மாதங்களில் காற்று சுட்டு உலர்ந்திருக்கும். தூசிக்குள் இருக்கும் உப்பும் பெரும்பாலும் துகளாக, மின்காவலியாகக் கிடக்கும். ஐப்பசி பிறந்து மாரி தொடங்கினால் அதே தூசி ஈரப்படலமாகி மின்சாரத்தைக் கடத்தும். பெட்டி அதேதான், அழுக்கும் அதேதான். காற்றின் ஈரம் மட்டும் மாற, கடத்தாதது கடத்துகிறது. இது என் கற்பனை அல்ல. மின்விநியோகப் பொறியியலில் கடலோரக் கம்பிகளின் பீங்கான் காவலிகள் இதே காரணத்தால் பொறி பாய்ந்து பழுதாவது நூறாண்டுப் பிரச்சினை. சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் 60815 இலக்க நியமம், ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பில் எத்தனை மில்லிகிராம் உப்புக்குச் சமமான படிவு இருக்கிறது என்ற அளவைக் கொண்டே ஓரிடத்தின் மாசுநிலையை மதிப்பிடுகிறது. பொறியியலாளர்கள் அழுக்கை எடைபோடுகிறார்கள் என்றால், அது அவர்களது கணக்கில் வரும் ஒரு பொருள் என்பதுதான் அர்த்தம்.

உயரழுத்தக் கம்பியின் கணக்கு மேசையில் வைக்கும் அம்பிளிபயருக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தும், அதைக் காண எட்டுக் கால் சொக்கற் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தால் போதும். 6வி6, 6எல்6, இஎல்34 ஆகிய மூன்றிலும் 3ஆம் கால் அனோட்டு, 4ஆம் கால் ஸ்கிரீன் கிரிட், 5ஆம் கால் கன்ட்ரோல் கிரிட். பெரிய அம்பிளிபயர்களில் முதல் இரண்டிலும் 400 வோல்ற்றை ஒட்டிய மின்னழுத்தம் நிற்கும். அவற்றுக்கு அடுத்து, சில மில்லிமீற்றர் தள்ளி, பூச்சியத்துக்குக் கீழே நிறுத்தப்பட்டிருக்க வேண்டிய கன்ட்ரோல் கிரிட். இந்தச் சில மில்லிமீற்றர் பேக்கலைற் பரப்பில்தான் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் உப்பும் சேர்ந்த தவிட்டுநிறப் படலம் படிந்திருக்கிறது. அதன் தடை 50 மெகா ஓம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண மல்ரிமீற்றர்கள் பலவற்றில் 50 மெகா ஓமைத் திறந்த சுற்றிலிருந்து பிரித்தறிய முடியாது. மீற்றர் சோதிப்பதும் ஓரிரு வோல்ற்றில்தான். ஆனால் 4ஆம் காலில் 400 வோல்ற் இருக்க, கிரிட்டிலிருந்து நிலத்துக்கு 470 கிலோ ஓம் தடை இருந்தால், கிரிட்டில் 3.7 வோல்ற் நேர்மின்னழுத்தம் ஏறிவிடும். 12 அல்லது 15 வோல்ற் எதிர்மின்னழுத்தத்தில் நிற்க வேண்டிய வால்வு ஒன்றுக்கு 3.7 என்பது சிறு தொகை அல்ல. வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும், அனோட்டுத் தகடு சிவக்கும், அவுட்புட் ட்ரான்ஸ்போமர் சூடாகும். அந்த ட்ரான்ஸ்போமர் எரிந்தால் மாற்று எங்கும் சுலபமாகக் கிடைக்காது. கண்ணுக்குத் தூசியாகவும் மீற்றருக்கு ஒன்றுமில்லாததாகவும் தெரிந்த பொருள் செய்த வேலை இது.

இங்கே அனுபவமுள்ள திருத்துநர் ஒருவர் குறுக்கிடுவார், அவர் குறுக்கிடுவது நியாயம். கிரிட்டில் நேர்மின்னழுத்தம் ஏறுவதற்கு முதற்காரணம் அழுக்கு அல்ல, மெழுகுக் காகிதக் கண்டென்சர் கசிவதுதான். அதை மாற்றாமல் சொக்கற்றைத் துடைத்துக்கொண்டிருப்பது வீண்வேலை என்பார். முந்திய கட்டத்து அனோட்டிலிருந்து சத்தத்தை மட்டும் விட்டு மின்னழுத்தத்தைத் தடுக்க வேண்டிய அந்தக் கண்டென்சர், வயதானால் கசியும் என்பது உண்மை. ஆனால் அது ஏன் கசிகிறது? காகிதத்துக்குள் ஈரம் புகுவதால். காரணம் ஒன்றேதான், ஒன்று உறுப்பின் உள்ளே, மற்றது வெளியே. எது கசிகிறது என்று பிரித்தறியச் சுலபமான வழி, வெளியே இருப்பதை முதலில் அகற்றுவது. துப்புரவாக்கி உலர்த்திய பின் வால்வைக் கழற்றிவிட்டு கிரிட் காலில் மின்னழுத்தத்தை அளந்தால், அப்போதும் இருப்பது கண்டென்சரின் குற்றம் என்று துணிந்து சொல்லலாம். அழுக்கோடு அளந்தால் இரண்டு குற்றங்களும் ஒரே எண்ணில் கலந்து நிற்கும். நல்ல கண்டென்சரை வெட்டி எறிந்துவிட்டு, பழுது அப்படியே இருப்பதைப் பார்த்துத் திகைக்க நேரும்.

‘இப்போது பாடுகிறதே, ஏன் தொட வேண்டும்’ என்ற வாதம் இன்னும் பரவலானது. விற்பவர் போட்டுக்காட்டிய பெட்டி என்றால் இந்த எண்ணம் வலுக்கும். கச்சான் காலத்தில் பாடிக்காட்டிய அம்பிளிபயர் கச்சான் காலத்துக்கான உறுதிமொழியை மட்டுமே தருகிறது. கார்த்திகையில் அதே பெட்டி என்ன செய்யும் என்பதற்கு அது சாட்சியாகாது. தவிர, 3ஆம் காலுக்கும் ஹீற்றர் போகும் 2ஆம் காலுக்கும் இடையே ஒருமுறை பொறி பாய்ந்தால் பேக்கலைற் கரியாகும். கரி உப்பைப்போலக் காய்ந்ததும் ஓய்வதில்லை, எந்தக் காலநிலையிலும் கடத்தும். அதற்குப் பின் துப்புரவு பலிக்காது. சொக்கற்றை மாற்ற வேண்டியதுதான்.

அழுக்கு சுற்றின் உறுப்பு என்று ஏற்றுக்கொண்டால், அதைத் தொடுவது சுற்றைத் தொடுவது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பாதுகாப்பு என்ற சொல் இந்த இடத்தில்தான் எடை பெறுகிறது. துடைக்கத்தானே போகிறோம் என்று தூரிகையோடு கையை உள்ளே விடுபவர், திருத்தப்போகிறவரைவிடக் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார். திருத்துபவருக்குப் பயம் இருக்கும், துடைப்பவருக்கு இருக்காது. பிளக்கைக் கழற்றிய பின்னும் வடிகட்டும் கண்டென்சர்களில் மின்னேற்றம் நிற்கும். 100 மைக்ரோபரட் கண்டென்சர் 400 வோல்ற்றில் 8 யூல் சக்தியைப் பிடித்து வைத்திருக்கிறது. இதயத்தினூடாகப் பாய்ந்தால் உயிரைப் பறிக்கக்கூடிய அளவு அது. அதை வடியவிட வைத்த தடை எப்போதோ எரிந்து திறந்திருக்கலாம், அல்லது தயாரித்தவர் அதை வைக்காமலே விட்டிருக்கலாம். வீட்டில் ட்ரிப் சுவிச் இருக்கிறதே என்ற ஆறுதலும் செல்லாது. மெயின்ஸ் பக்கத்துக் கரண்ட் நிலத்துக்குக் கசிந்தால் அது விழும். பவர் ட்ரான்ஸ்போமருக்கு அப்பால் இருக்கும் 400 வோல்ற் ஒருவரது உடலினூடாகச் சேசிக்குப் பாய்ந்தாலும் ட்ரிப் சுவிச்சுக்கு அது தெரியாது. கண்டென்சரில் நிற்கும் மின்னேற்றத்தை அது அறிய வழியே இல்லை.

ஸ்குரூ டிரைவரை வைத்துக் குறுக்கே தட்டினால் போதும் என்பது கடைகளில் வழங்கும் பழக்கம். அப்படித் தட்டியவர்கள் பலர் நலமாக இருக்கிறார்கள் என்பதும் மெய். ஆனாலும் அதை ஏற்க முடியாது. தடையில்லாமல் ஒரே கணத்தில் பாயும் கரண்ட் உலோகத்தை உருக்கித் தெறிக்க வைக்கும், கண்டென்சரின் உள்ளிணைப்பைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘டப்’ என்ற சத்தத்தோடு வேலை முடிந்தது என்ற பொய்யான நிம்மதியைத் தரும். கண்டென்சர் ஒருமுறை வடிந்தபின் தன் மின்கடத்தாப் பொருளுக்குள் ஊறியிருந்த மின்னேற்றத்தை மெல்ல வெளிவிட்டு மீண்டும் மின்னழுத்தம் காட்டும். ஆகவே 10 கிலோ ஓம், 5 வாற்றுத் தடை ஒன்றைக் காவலிட்ட கிளிப்புகளோடு இணைத்து, ஒரு முனையைச் சேசியிலும் மறுமுனையைக் கண்டென்சரின் நேர்முனையிலும் ஒற்றைக் கையால் மாட்டி, மற்றக் கையைப் பின்னால் வைத்துக்கொள்வதே முறை. 100 மைக்ரோபரட் என்றால் ஐந்தாறு செக்கன்களில் வடிந்துவிடும். மீற்றரில் பூச்சியத்தைப் பார்க்க வேண்டும், சில நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், வேலை முடியும்வரை கிளிப்பை எடுக்காமல் விட வேண்டும். பெரிய ஒலிபரப்பு நிலையங்களில் இதுவே மரபு. திருகோணமலைக்கு வடக்கே பெர்க்காராவில் ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி 1984 முதல் 2013 வரை அஞ்சல் நிலையம் ஒன்றை நடத்தியது; பின் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் வந்தது. உயர்திறன் சிற்றலைப் பரப்பிகளின் இறுதிக் கட்டத்தில் இருப்பவை ஆயிரக்கணக்கான வோல்ற்றில் ஓடும் வால்வுகள்தான். அத்தகைய பரப்பிகளுக்குள் கை போகுமுன் நிலத்தொடுப்புக் கோல் போகும், கதவு மூடும்வரை அந்தக் கோல் அங்கேயே தொங்கும். தேர்ந்த பொறியியலாளர்களே கைவிடாத வழக்கத்தை நம் மேசையில் விட்டுவிட எந்த நியாயமும் இல்லை.

ட்ரான்ஸ்போமரே இல்லாத பழைய செற்றுகளும் உண்டு என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். யுஎல்84, யுவை85 என்று ‘யு’வில் தொடங்கும் வால்வுகள் கண்ணில் பட்டால் நிதானிக்க வேண்டும், அவ்வகைச் செற்றுகளில் மெயின்ஸின் ஒரு கம்பி நேரே சேசியோடு பிணைந்திருக்கும். பிளக் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதைப் பொறுத்து சேசி முழுவதும் 230 வோல்ற்றில் நிற்கலாம். தனிமைப்படுத்தும் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் அவற்றை ஓடவிடக்கூடாது.

இனி, எதனால் துடைப்பது? இணையமும் கைநூல்களும் ஒரே குரலில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் என்கின்றன. குளிர்நாட்டில், வரவேற்பறையில் தூசி படிந்த கருவிக்கு அது சரியான விடை. துறைமுகக் கரையில் அது பாதி விடைதான். அல்ககோல் எண்ணெயையும் புகைப்பிசுக்கையும் கரைக்கும். உப்பை ஏறக்குறைய கரைக்காது. சுத்தமான அல்ககோலால் சொக்கற்றைத் துடைத்தால் பிசுக்குப் போய் உப்பு மட்டும் அந்தப் பரப்பிலேயே இழுபட்டு நிற்கும். பார்வைக்குப் புதிதாகத் தெரியும். மாரி வந்ததும் பழைய கசிவு திரும்பும். உப்புக்கு நீர்தான் வேண்டும். கிணற்றுநீரோ குழாய்நீரோ உதவாது, காய்ந்தால் அவை தம் உப்பை விட்டுச் செல்லும். கடைகளில் கிடைக்கும் பற்றரித் தண்ணி, அதாவது வடித்த நீர், கடல்நீரோடு ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கான மடங்கு குறைவாகவே மின்சாரத்தைக் கடத்தும். பஞ்சுக்குச்சியை அதில் தோய்த்து, சொட்டாதபடி பிழிந்து, கால்களுக்கு இடையே ஒற்றியெடுத்து, குச்சியை அடிக்கடி மாற்ற வேண்டும். அதன்பின் அல்ககோல், மிச்சப் பிசுக்கையும் மிச்ச ஈரத்தையும் அது கூட்டிக்கொண்டு போகும். அல்ககோலின் ஆவி அறைவெப்பநிலையிலேயே தீப்பற்றும். ஆகவே ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் சூடான சோல்டரிங் அயன் இருக்கக்கூடாது.

நீர் என்றதும் இரு திசையிலிருந்தும் எதிர்ப்பு வரும். மின்கருவிக்கு நீரா என்று ஒரு தரப்பார் பதறுவார்கள். முழுவதுமே கழுவலாமே, அமெரிக்காவின் டெக்ட்ரோனிக்ஸ் நிறுவனம் தன் வால்வுக்கால அலைகாட்டிகளைச் சோப்புநீரால் கழுவித் திருத்தியதே என்று மற்றத் தரப்பார் கேட்பார்கள். டெக்ட்ரோனிக்ஸ் கழுவியது உண்மை. ஆனால் தான் செய்த கருவியை, அதில் எந்த உறுப்பு நீரைத் தாங்கும் என்று அறிந்து, கழுவியபின் சூடான அடுப்பறையில் நெடுநேரம் வைத்து உலர்த்தியது. கைமாறி வந்த பெட்டியின் ட்ரான்ஸ்போமருக்குள் காகிதமும் பருத்தியும் சுற்றியிருக்கின்றன. அவை குடித்த நீர் ஈரக்காற்றுள்ள ஊரில் வாரக்கணக்கில் வெளியேறாது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இந்தக் கரையிலும் ஏறியது. கடல்நீரில் அமிழ்ந்த கருவி ஒன்றுக்கு மட்டுமே முழுக்கழுவல் நியாயம். அங்கே இழப்பதற்கு மேலும் ஒன்றுமில்லை. மற்றபடி, நீர் குச்சியின் நுனி தொடும் இடத்தைத் தாண்டக்கூடாது.

எதைத் துடைக்க வேண்டும் என்பதற்கு என் வாதமே அளவுகோலும் தருகிறது: கரண்ட் பாயக்கூடிய இடத்தில் இருப்பது போக வேண்டும், வெப்பம் வெளியேறும் வழியை அடைப்பது போக வேண்டும், மற்றது இருக்கலாம். வால்வின் கண்ணாடியில் அச்சிட்ட எழுத்து மின்சாரத்தைத் தொடுவதில்லை. மல்லார்ட் என்றோ பெங்களூரின் பாரத் எலெக்ட்ரோனிக்ஸ் என்றோ இருக்கும் அந்த எழுத்து ஈரவிரல் பட்டாலே உதிரும். வால்வு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே சாட்சி. கண்ணாடியை உலர்ந்த துணியால், எழுத்தைத் தவிர்த்துத் துடைத்தால் போதும். கவனம் முழுவதும் அடியிலுள்ள கால்களுக்குப் போக வேண்டும். பழைய எட்டுக் கால் வால்வுகளில் கண்ணாடிக்கும் அடிப்பாகத்துக்கும் இடைப்பட்ட பசை விட்டிருக்கும் என்பதால், அடிப்பாகத்தைப் பிடித்தே நேராக இழுக்க வேண்டும். உச்சியில் வெள்ளிக்கண்ணாடிபோல மின்னும் பூச்சு பால்வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது.

சேகரிப்பாளர்கள் பழமையின் படிவு கலையக்கூடாது என்பார்கள். மரப்பெட்டியிலும் முன்தகட்டிலும் அவர்களுக்கு என் முழு உடன்பாடு உண்டு. சேசியின் அடியில் உடன்பாடில்லை. ஆனால் ஒரு காரணத்துக்காக அங்கேயும் அவர்கள் சொல்லை ஓரளவு கேட்க வேண்டும். பழைய சேசிகள் சிலவற்றில் கட்மியம் முலாம் பூசப்பட்டிருக்கிறது. அதன்மேல் பூத்திருக்கும் தூள் நச்சு. மண்தாளோ கம்பித்தூரிகையோ போட்டுத் தேய்த்தால் அது மூச்சில் போகும். பெட்டிக்குள் வெப்பம் தடுக்க ஒட்டிய சாம்பல்நிறத் தாள் அஸ்பெஸ்டஸாக இருக்கக்கூடும். சுரண்டாமல் விட வேண்டும். எலி குடியிருந்த பெட்டி என்றால் உலர்ந்த தூரிகையை எடுக்கவே கூடாது. கையுறையும் முகக்கவசமும் அணிந்து, எச்சத்தைக் கிருமிநாசினியால் நனைத்து, ஈரமாகவே எடுக்க வேண்டும். எலிக்காய்ச்சல் இந்நாட்டுக்குப் புதிதல்ல. எலிச்சிறுநீரில் உப்பும் உண்டு; அது உலர்ந்த இடத்தில் வயரின் உறை அரிபட்டு, செம்பு பச்சை பூத்திருப்பதைக் காணலாம்.

இந்த வேலைக்கு உகந்த காலம் ஆவணியும் புரட்டாதியும். காற்று உலர்ந்திருக்கும்போது துடைத்ததுதான் முழுக்க உலரும். மாரியில் துடைத்துவிட்டு மறுநாளே கரண்ட் கொடுப்பது, உப்பை அகற்றி நீரை வைப்பதாகவே முடியும். உலர்ந்தபின்னும் பிளக்கை நேரே செருகக்கூடாது. 60 வாற்று இழைப் பல்ப் ஒன்றைத் தொடரில் இணைத்தால், உள்ளே எவ்வளவு மோசமான ஷோர்ட் இருந்தாலும் கால் அம்பியரை ஒட்டித்தான் கரண்ட் பாயும். எல்ஈடி பல்ப் இதற்கு ஆகாது. பல்ப் ஒருமுறை ஒளிர்ந்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தோடு நின்றால் உடனே நிறுத்த வேண்டும். ஸ்பீக்கரோ அதற்கு ஈடான தடையோ இணைக்காமல் வால்வு அம்பிளிபயரை ஓடவிடக்கூடாது. சுமையில்லாத அவுட்புட் ட்ரான்ஸ்போமரில் அனோட்டு மின்னழுத்தம் பன்மடங்கு எழும்பி, துடைத்த அதே கால்களுக்கிடையே பொறி பாயும்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் என்று கேட்பவருக்கு, கைக்குள் அடங்கும் புளூடூத் ஸ்பீக்கர் சத்தத்தில் குறைந்ததல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வால்வு அம்பிளிபயரை மூன்றாவது தலைமுறையும் திறந்து, ஒவ்வோர் உறுப்பையும் கண்ணால் கண்டு, கையால் மாற்றலாம். அப்படித் திருத்தக்கூடிய பொருள்கள் நம் வீடுகளில் அருகிவிட்டன. அந்தத் தகுதி அதைத் திறப்பவர் உயிரோடு இருப்பதிலும், அவர் திறந்ததால் அது மேலும் கெடாதிருப்பதிலும்தான் நிற்கிறது. துப்புரவாக்கியபின் அதைப் பிளாஸ்ரிக் உறையால் மூடிவைப்பது தவறு. உறைக்குள் ஈரம் அடைபடும். பருத்தித் துணி போதும். மாரி மாதங்களில் வாரத்துக்கு ஒருமுறையாவது ஒரு மணிநேரம் ஓடவிட்டால் வால்வுகளின் சூடே சேசியைச் சுற்றியுள்ள காற்றின் சாரீரப்பதனை 75 வீதத்துக்குக் கீழே இறக்கிவிடும். பெட்டியின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி, துடைத்த திகதியையும் ஒவ்வொரு கிரிட் காலிலும் அளந்த மின்னழுத்தத்தையும் மாற்றிய கண்டென்சர்களையும் எழுதிவைக்க வேண்டும். அடுத்த மாரியில் அதே கால்களை அளந்து அந்த எண்களோடு ஒப்பிட்டால், உப்பு மீண்டும் படிய எவ்வளவு காலம் எடுக்கிறது என்பது அந்த வீட்டுக்குரிய கணக்காகவே தெரியவரும்.